உள்ளிருந்து ஒரே தட்டில் நான்கு கதவும்: கார் அலாரத்தோடு கை சுவிட்சைச் சேர்ப்பது

பழைய காரில் தனியாக வாங்கிய அலாரமும் சென்ட்ரல் லாக்கும் போட்டிருப்பவர்களுக்கு இது பழக்கமான தொல்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து கிளம்பியாகிவிட்டது. பின்கதவு லாக் ஆகியிருக்கிறதா என்று திடீரென்று ஒரு சந்தேகம். ரிமோட்டோ சாவி வளையத்தில், ஸ்டியரிங்குக்குக் கீழே தொங்குகிறது. சரி, வண்டியை நிறுத்தி உட்கார்ந்திருக்கும்போதாவது அழுத்தலாம் என்றால், லாக் ஆவதோடு அலாரமும் விழித்துக்கொள்ளும். உள்ளே இருப்பவர் மறந்துபோய்க் கதவைத் திறந்தால் சைரன் ஊரைக் கூட்டும்.

தயாரிப்பிலேயே பவர் லாக்கோடு வரும் கார்களில் இதற்காகவே டிரைவர் கதவிலோ டாஷ்போர்டிலோ ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அலாரத்தைத் தொந்தரவு செய்யாமல் கதவை மட்டும் பூட்டும், திறக்கும். அதே வசதியை நம் வண்டியிலும் வைக்க முடியும். செலவு குறைவு, வேலையும் பெரிதில்லை. ஆனால் எந்த ஒயரில் கை வைக்கிறோம் என்பது தெரியாமல் இறங்கினால் ஃபியூஸ் போகும், இல்லாவிட்டால் அலாரப் பெட்டியே போகும். ஆகவே ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் இந்தக் கட்டுரை.

சொல்லும் ஒயர், இழுக்கும் ஒயர்

ரிமோட்டை அழுத்தியதும் என்ன நடக்கிறது? டாஷ்போர்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் அலாரப் பெட்டி அந்த ரேடியோ சிக்னலைப் பிடிக்கிறது. ‘பூட்டு’ என்று சென்ட்ரல் லாக் மாட்யூலுக்கு ஒரு சின்னத் துடிப்பை அனுப்புகிறது. பெரும்பாலும் ஒரு வினாடிக்கும் குறைவான துடிப்பு, 0.8 வினாடி என்பது பல அலாரங்களில் வழக்கம். மாட்யூலுக்குள் இருக்கும் ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை மாற்றிவிடும் சுவிட்ச்) ‘டக்’ என்று மாறி, பேட்டரியின் முழுப் பலத்தையும் கதவுக்குள் இருக்கும் ஆக்சுவேட்டருக்குக் கொடுக்கிறது. ஆக்சுவேட்டர் என்பது பெரிய பெயர். உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பெட்டி, குட்டி மோட்டார், சில பல் சக்கரங்கள், ஒரு கம்பி, அவ்வளவுதான். அந்தக் கம்பி கதவின் லாக்கை இழுக்கும் அல்லது தள்ளும். மோட்டாருக்கு இரண்டே ஒயர். ஒன்றில் பாசிட்டிவ், மற்றதில் நெகட்டிவ் கொடுத்தால் பூட்டும்; மாற்றிக் கொடுத்தால் திறக்கும்.

இந்தப் பாதையில் இரண்டு வகை ஒயர்கள் ஓடுகின்றன. அலாரத்துக்கும் மாட்யூலுக்கும் நடுவில் ஓடுவது சொல்லும் ஒயர். அதில் போவது வெறும் செய்தி, சில மில்லி ஆம்பியர் போதும். மாட்யூலிலிருந்து கதவுகளுக்குப் போவது இழுக்கும் ஒயர். மோட்டார்கள் இழுத்து முடித்து முட்டி நிற்கும் நொடியில் அதில் பல ஆம்பியர் பாயும். நாம் வைக்கப் போகும் சுவிட்ச் கதவைப் பூட்டப் போவதில்லை. ‘பூட்டு’ என்று சொல்லப் போகிறது. ஆகவே அது சேர வேண்டிய இடம் சொல்லும் ஒயர். குழப்பம் எல்லாமே இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதில்தான் ஆரம்பிக்கிறது.

தனியாக விற்கும் சென்ட்ரல் லாக் செட்டைப் பிரித்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மூன்று கதவுகளுக்கான ஆக்சுவேட்டர்களில் தலா இரண்டு ஒயர் இருக்கும். டிரைவர் கதவுக்கானதில் மட்டும் ஐந்து. அதில் இரண்டு மோட்டாருக்கு. மீதி மூன்றும் உள்ளே இருக்கும் ஒரு குட்டி சுவிட்சுக்கு. டிரைவர் பக்கக் குமிழைக் கையால் அமுக்கினால் நான்கு கதவும் பூட்டிக்கொள்கிறதே, அது இந்த சுவிட்ச் மாட்யூலிடம் போய்ச் சொல்வதால்தான். ஆக, நாம் ஆசைப்படும் கை சுவிட்ச் ஒரு விதத்தில் ஏற்கெனவே வண்டியில் இருக்கிறது. அதன் பக்கத்தில் இன்னொன்றைச் சேர்க்கிறோம்.

நெகட்டிவா, பாசிட்டிவா?

சொல்லும் ஒயர் எந்த மொழியில் பேசுகிறது என்பது அடுத்த கேள்வி.

அதிகம் பார்க்கக் கிடைப்பது நெகட்டிவ் வகை. சொல்லும் ஒயரை ஒரு நொடி வண்டியின் பாடியோடு, அதாவது எர்த்தோடு தொடவைத்தால் மாட்யூல் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். பூட்ட ஒரு ஒயர், திறக்க ஒரு ஒயர். புதிதாகச் செய்பவருக்கு இதைவிட எளிது வேறில்லை. சுவிட்சுக்குப் பாசிட்டிவே கொண்டுபோக வேண்டாம். ஒயர் எங்காவது தோல் உரிந்து பாடியில் பட்டாலும் தீப்பொறி பறக்காது, கதவு பூட்டிக்கொள்ளும் அல்லது திறந்துகொள்ளும், அவ்வளவுதான்.

பாசிட்டிவ் வகை இதற்கு நேர் எதிர். சொல்லும் ஒயருக்கு ஒரு நொடி 12 வோல்ட் கொடுக்க வேண்டும். சுவிட்ச் வரை பேட்டரி மின்சாரத்தைக் கொண்டுபோவதால், மின்சாரம் எடுக்கும் இடத்திலேயே ஒரு சின்ன ஃபியூஸ் போட்டாக வேண்டும்.

மூன்றாவதில் சொல்லும் ஒயரே தனியாகக் கிடையாது. பழைய பவர் லாக் சிலவற்றில் கதவில் இருக்கும் சுவிட்சே மோட்டாரின் பாசிட்டிவையும் நெகட்டிவையும் நேரடியாக மாற்றிக் கொடுக்கும். அலாரம் பொருத்தியவர் இரண்டு ரிலேயை நடுவில் போட்டுச் சமாளித்திருப்பார். இதைப் பற்றிப் பின்னால் விரிவாக.

இவை தவிர, ஒரே ஒயரில் வெவ்வேறு ரெசிஸ்டர் அளவுகளைக் கொண்டு ‘பூட்டு’, ‘திற’ என்று பிரித்துச் சொல்லும் கார்கள் உண்டு. காற்று பம்பு வைத்துப் பூட்டும் பழைய கார்கள் உண்டு. அவற்றுக்கு மூன்று வினாடிக்கு மேல் நீண்ட துடிப்பு தேவை. இன்றைய கார்களில் கதவுக் கட்டளைகள் கணினித் தகவலாகவே ஒயரில் ஓடுகின்றன. அப்படிப்பட்ட வண்டியில் ஒயரை வெட்டி ஒட்டும் வேலைக்கே போகாதீர்கள். பெரும்பாலும் தேவையும் இருக்காது, சுவிட்ச் ஏற்கெனவே இருக்கும்.

மல்டிமீட்டரிடம் கேளுங்கள்

ஒயரின் நிறத்தை நம்பி இறங்கக் கூடாது. ஒரு செட்டில் பச்சை பூட்டும், இன்னொன்றில் அதே பச்சை மோட்டாருக்குப் போகும். அலாரத்தோடு வந்த வரைபடம் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இருந்தாலும் மீட்டரில் ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். பல்பு வைத்த டெஸ்டர் வேண்டாம். பல்பு இழுக்கும் மின்சாரத்தைத் தாங்காத சர்க்யூட்டுகள் வண்டிக்குள் உண்டு. மஞ்சள் உறை போட்ட ஒயர்கள், மஞ்சள் கனெக்டர்கள் கண்ணில் பட்டால் அவை ஏர்பேக்கினுடையவை. அவற்றின் பக்கம் மீட்டரைக்கூடக் கொண்டுபோக வேண்டாம்.

மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையை நல்ல எர்த்தில், பெயிண்ட் இல்லாத ஒரு போல்டில் பிடித்துக்கொள்ளுங்கள். சிவப்பு முனை சந்தேக ஒயரில். இப்போது ரிமோட்டில் லாக்கை அழுத்துங்கள். சும்மா இருக்கும்போது 5 அல்லது 12 வோல்ட் காட்டிக்கொண்டிருந்த எண் ஒரு நொடி பூஜ்யத்துக்கு விழுந்து மேலே ஏறினால், அது நெகட்டிவ் வகை. பூஜ்யத்தில் இருந்தது 12 வரை துள்ளி விழுந்தால் பாசிட்டிவ் வகையாக இருக்கலாம்.

‘இருக்கலாம்’ என்று இழுப்பதற்குக் காரணம் உண்டு. மோட்டாருக்குப் போகும் இழுக்கும் ஒயரும் மீட்டரில் அச்சு அசலாக இப்படித்தான் தெரியும். சும்மா இருக்கும்போது பூஜ்யம், அழுத்தினால் 12. ஆனால் அந்தப் பூஜ்யம் வேறு, இந்தப் பூஜ்யம் வேறு. மோட்டார் ஒயர் ஓய்வில் இருக்கும்போது ரிலே வழியாக எர்த்தோடு கட்டப்பட்டிருக்கிறது. அதை பாசிட்டிவ் வகை என்று எண்ணி சுவிட்ச் மூலம் 12 வோல்ட் கொடுத்தால், பேட்டரியை நேராக பாடியில் கொண்டுபோய்ச் சொருகியது மாதிரி ஆகும். ஃபியூஸ் இருந்தால் ஃபியூஸ் போகும். இல்லாவிட்டால் ஒயர் புகையும்.

இதைப் பிரித்தறிய மீட்டரை ஓம்ஸுக்கு மாற்றுங்கள். ஒயரில் வோல்ட் ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அதற்கும் எர்த்துக்கும் இடையே அளந்து பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்ய ஓம் என்றால் அது இழுக்கும் ஒயர், கையை எடுத்துவிடுங்கள். ஒரு ரிலே காயிலின், அதாவது ரிலேயை இயக்கும் செம்புச் சுருளின் அளவான 80, 100 ஓம்ஸ் பக்கமோ அதற்கு மேலோ காட்டினால் அது உண்மையிலேயே பாசிட்டிவ் வகையில் சொல்லும் ஒயர். இந்த ஒரு சோதனைக்கு இரண்டு நிமிடம் ஆகும். அதைத் தவிர்த்துவிட்டு அலாரப் பெட்டியைப் புதிதாக வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

எந்த சுவிட்ச்?

வீட்டு வாசலில் இருக்கும் காலிங் பெல் சுவிட்சை நினைத்துக்கொள்ளுங்கள். விரல் இருக்கும்வரை ஒட்டியிருக்கும், எடுத்தால் தானே விட்டுவிடும். நமக்கு வேண்டியது அந்த ஜாதிதான். பூட்டவும் திறக்கவும் சேர்த்து ஒன்றே வேண்டுமென்றால், நடுவில் ஓய்வு, இரு பக்கமும் அழுத்தினால் ஸ்பிரிங்கில் திரும்பிவரும் மூன்று முனை ராக்கர் சுவிட்ச் வாங்க வேண்டும். பவர் விண்டோ சுவிட்சைப் போலவே இருக்கும். ஆனால் பவர் விண்டோவுக்கென்று விற்பவை பலவற்றில் ஐந்து முனை இருக்கும், உள்ளே வேறு மாதிரி இணைப்பு. அதை வாங்கிவந்து விழிக்க வேண்டாம்.

அழுத்தினால் அப்படியே நின்றுவிடும் சாதா ஆன்-ஆஃப் சுவிட்ச் கூடவே கூடாது. நான் முதலில் செய்த தப்பு இதுதான். ஃபாக் லைட் சுவிட்ச் ஒன்று சும்மா கிடந்தது, அதையே போட்டுவிட்டேன். முதல் தடவை அழகாகப் பூட்டியது. ஆனால் சுவிட்ச் ஆனிலேயே நின்றதால் மாட்யூலின் காதில் ‘பூட்டு, பூட்டு’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. இறங்கியபின் ரிமோட்டில் திறக்கப் பார்த்தால் ஒன்றும் அசையவில்லை. அது நேரத்தைத் தானே கட்டுப்படுத்தும் மாட்யூல் என்பதால் தப்பித்தது. மோட்டாரை நேரடியாக ஓட்டும் அமைப்பாக இருந்திருந்தால் ஆக்சுவேட்டர்கள் கருகியிருக்கும்.

ஒயரைச் சேர்ப்பது

நெகட்டிவ் வகையில் வேலை இதுதான். பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றிவிடுங்கள். சில ஆடியோ செட்டுகள் அதன் பிறகு ரகசிய எண் கேட்கும், அதை முன்கூட்டியே தேடி வைத்துக்கொள்ளுங்கள். சைரனுக்குத் தனி பேட்டரி இருந்தால் அலறத் தொடங்கும். அதன் சாவித் துவாரம் சைரனிலேயே இருக்கும், பேட்டரியைக் கழற்றும் முன்பே அதை அணைக்க வேண்டும். சுவிட்சின் நடு முனையிலிருந்து ஒரு ஒயரை எர்த்துக்குக் கொண்டுபோங்கள். ஒரு ஓரத்து முனை அலாரத்திலிருந்து மாட்யூலுக்குப் போகும் லாக் ஒயருக்கு, மறு ஓரம் அன்லாக் ஒயருக்கு. அந்த ஒயர்களை வெட்ட வேண்டியதில்லை. நடுவில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தோலை மட்டும் விலக்கி, உள்ளிருக்கும் செம்பு இழைகளை ஊசியால் இரண்டாகப் பிரித்து, அந்த இடைவெளியில் புது ஒயரை நுழைத்துச் சுற்றி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். வண்டி குலுங்கிக்கொண்டே இருக்கும் பொருள். வெறுமனே முறுக்கிவிட்ட இணைப்பு ஆறு மாதத்தில் தளர்ந்து, ‘சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் இல்லை’ என்று உயிரை வாங்கும்.

அலாரம் ஒரு பக்கம், சுவிட்ச் ஒரு பக்கம், இரண்டும் ஒரே ஒயரில் இருந்தால் சண்டை வராதா? நெகட்டிவ் வகையில் பொதுவாக வராது. இருவரும் செய்வது அந்த ஒயரை எர்த்துக்கு இழுப்பது மட்டும்தான். யார் இழுத்தாலும் ஒன்று, இருவரும் சேர்ந்து இழுத்தாலும் ஒன்று. ஒரு விதிவிலக்கு. சில அலாரங்களில் ஒரே ஒயர் பூட்டும்போது நெகட்டிவும் திறக்கும்போது பாசிட்டிவும் தரும். அது பாசிட்டிவ் தரும் அதே நொடியில் நீங்கள் சுவிட்சை அழுத்தினால் அலாரத்தின் வெளியீடு எர்த்தில் மோதும். அலாரத்திலிருந்து வரும் ஒயரில், சுவிட்ச் சேருமிடத்துக்கு முன்னால், மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் 4007 டயோடு ஒன்றை வெள்ளைக் கோடு போட்ட முனை அலாரத்தைப் பார்க்கும்படி வைத்தால் அந்தக் கவலை தீர்ந்தது.

சுவிட்சைக் கதவில் வைப்பதா, டாஷ்போர்டில் வைப்பதா என்று கேட்டால் டாஷ்போர்டு என்பேன். கதவில் வைத்தால் ஒயர் கீல் பக்கத்து ரப்பர் குழாய் வழியாகப் போக வேண்டும். ஒவ்வொரு முறை கதவைத் திறந்து மூடும்போதும் அங்கே மடங்கி மடங்கி ஒருநாள் உள்ளேயே அறுந்துபோகும். வெளியே தோல் மட்டும் முழுசாக இருக்கும். கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

சொல்லும் ஒயரே இல்லாவிட்டால்

மோட்டாரை நேரடியாக மாற்றிக் கொடுக்கும் அமைப்பில் இரண்டு ஐந்து-முனை ரிலே வேண்டும். ரிலேயின் அடியில் எண்கள் அச்சடித்திருக்கும். 85, 86 இரண்டும் காயில். 30 நடு முனை. காயிலுக்கு மின்சாரம் இல்லாதபோது 30 போய் 87ஏ-வில் ஒட்டியிருக்கும். மின்சாரம் வந்ததும் அதை விட்டு 87-க்குத் தாவும்.

இங்கே ஒயரை வெட்டித்தான் ஆக வேண்டும். பூட்டும்போது 12 வோல்ட் வரும் மோட்டார் ஒயரை வெட்டி, பழைய அமைப்பின் பக்கத்து முனையை 87ஏ-விலும், மோட்டார் பக்கத்து முனையை 30-லும் கொடுங்கள். 87-க்கு ஃபியூஸ் வழியாக 12 வோல்ட். காயிலின் 86-க்கும் 12 வோல்ட், 85 போய் சுவிட்சின் ஒரு ஓரத்தில் சேரும். இன்னொரு மோட்டார் ஒயருக்கும் இன்னொரு ரிலேயோடு இதேபோல. சுவிட்சைத் தொடாதவரை பழைய பாதை 87ஏ வழியாக அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். அலாரத்துக்கு நடுவில் ஆள் நிற்பதே தெரியாது. சுவிட்சை லாக் பக்கம் அழுத்தினால் முதல் ரிலே தாவி அந்த ஒயருக்கு 12 வோல்ட் கொடுக்கும். மற்ற ஒயர் இரண்டாவது ரிலேயின் 87ஏ வழியாகப் பழையபடி எர்த்தில் இருக்கும். மோட்டாருக்கு இரண்டு பக்கமும் கிடைத்துவிட்டது, பூட்டிக்கொள்ளும்.

இதன் அழகு என்னவென்றால், இழுக்கும் ஒயர் மட்டுமே இருந்த இடத்தில் நாமே ஒரு சொல்லும் ஒயரை உண்டாக்கிவிட்டோம். சுவிட்ச் இங்கேயும் ரிலே காயிலைத்தான் எர்த்துக்கு இழுக்கிறது. மோட்டாரின் ஆம்பியர் அதன் பக்கமே வராது. 30-க்கும் 87-க்கும் போகும் ஒயர் மட்டும் ஏற்கெனவே மோட்டாருக்கு ஓடும் ஒயருக்குக் குறையாத தடிமனில் இருக்கட்டும்.

கண்ணாடியை உடைத்துவிட்டு ஒருவன் கை விட்டால்?

வண்டியைப் பூட்டி அலாரத்தையும் போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். ஒருவன் கண்ணாடி இடுக்கில் கம்பியை விட்டோ, ஒரு மூலைக் கண்ணாடியை உடைத்தோ சுவிட்சை அழுத்திவிட்டால் நான்கு கதவும் திறந்துவிடும். கதவைத் திறக்கும்போது சைரன் அடிக்கும்தான். இருந்தாலும் அவன் வேலையை நாமே சுலபமாக்கிக் கொடுத்த மாதிரி.

இதைத் தடுக்க, சுவிட்சின் நடு முனையை நேராக எர்த்தில் கட்டாமல் ஒரு ரிலே வழியாகக் கட்டலாம். இக்னிஷன் ஆன் ஆனால் மட்டும் அந்த ரிலே எர்த் கொடுக்கும்படி வைத்தால், சாவி இல்லாதபோது சுவிட்ச் செத்த பாம்பு. இன்ஜினை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கும்போதும் அது வேலை செய்யாது என்பதுதான் குறை. இன்னொரு வழி, அலாரம் போட்டிருக்கும்வரை எர்த் தரும் ஒயர் பல அலாரங்களில் உண்டு. அதைக் கொண்டு ஒரு ரிலேயை இயக்கி 87ஏ பக்கத்தைத் துண்டிப்பது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ரிலே காயில் சுமார் 0.15 ஆம்பியர் இழுக்கும், ஒரு நாளைக்கு 3.6 ஆம்பியர்-மணி. ஒரு வாரம் வண்டியை எடுக்காமல் விட்டால் 25 ஆம்பியர்-மணி காலி. 45 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள சின்னக் கார் காலையில் முனகத்தான் செய்யும். தினமும் ஓடாத வண்டிக்கு இது வேண்டாம்.

என் வண்டியில் நான் செய்திருப்பது இதைவிடச் சோம்பேறித்தனமானது. அன்லாக்கை விட்டே விட்டேன். காலிங் பெல் மாதிரி ஒற்றை அழுத்து பட்டன், பூட்ட மட்டும். திறக்க வேண்டுமென்றால் டிரைவர் பக்கக் குமிழைத் தூக்கினால் போதும், ஐந்து ஒயர் ஆக்சுவேட்டர் மற்ற மூன்றுக்கும் சொல்லிவிடும். திருடன் பட்டனை அழுத்தினால் என்ன ஆகும்? பூட்டிய கதவு இன்னொரு முறை பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் உட்காரும் குழந்தை விளையாட்டாக அழுத்தினாலும் ஓடும் வண்டியில் கதவுகள் திறக்காது. முதல் முறை செய்பவருக்கு இதையே சொல்வேன். ராக்கர் சுவிட்ச் ஆசை அப்புறமும் விடவில்லையென்றால் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைக்க வேண்டும். இந்தப் பட்டன் கதவைப் பூட்டுகிறது, அலாரத்தைப் போடுவதில்லை. இறங்கும்போது இதை அழுத்திவிட்டுக் கதவை அறைந்துவிட்டுப் போனால் வண்டி பூட்டியிருக்கும், காவல் இருக்காது. சாவி உள்ளேயே இருந்தால் அது வேறு கதை.

அதனால் முதல் சோதனையை டிரைவர் கண்ணாடியை முழுவதும் இறக்கிவைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே செய்யுங்கள். பட்டனை அழுத்தி நான்கு குமிழும் இறங்குகிறதா பாருங்கள். உள்கைப்பிடியை இழுத்து ஒவ்வொரு கதவும் கையால் திறக்கிறதா பாருங்கள்; பேட்டரி செத்துப்போனாலும் உள்ளே இருப்பவர் வெளியே வர வேண்டும். சிறுவர் பூட்டு போட்டிருந்தால் பின்கதவுகளில் முதலில் அதை விலக்கிவிட்டுச் சோதியுங்கள். பிறகு வெளியே வந்து, கண்ணாடி இறங்கியபடியே ரிமோட்டில் அலாரத்தைப் போட்டு, அரை நிமிடம் பொறுத்து, ஜன்னல் வழியே கையை விட்டு சுவிட்சை ஒருமுறை அழுத்துங்கள். எந்தக் குமிழும் மேலே எழும்பக் கூடாது.